மணிக்கட்டு

— கட்டை விரலை எடுங்கம்மா. அது ஆகாது.

— ஏன், அது விரல் இல்லையா?

— விரல்தான். ஆனா அதுக்குள்ளயே ஒரு துடிப்பு இருக்கு. கட்டை விரலை வெச்சா ஐயாவோட நாடிய விட்டுட்டு உங்க நாடியையே எண்ணிட்டு உக்காந்திருப்பீங்க. ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல். இந்த மூணும் போதும். அவர் மணிக்கட்டுல, பெருவிரல் பக்கமா, ஒரு பள்ளம் இருக்கும் பாருங்க. அங்க வைங்க. அழுத்தாதீங்க. சும்மா ஒக்கார வைங்க.

— ஒண்ணும் தெரியலயே. போயிட்டாரா?

— அம்மா! அவருக்குக் காது கேக்கும்.

— கேக்கட்டும்னுதானே சொல்றேன்.

— விரலைக் கொஞ்சம் கீழ இறக்குங்க. இன்னும் கொஞ்சம். இப்போ?

— ஆ... தட்டுது. தட்டுது நர்சம்மா! முட்டைக்குள்ள இருந்து குஞ்சு தட்டற மாதிரி.

— அதேதான். நாளைக்கு எனக்கு லீவு. காலையில மாத்திரை குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க இதே மாதிரி ஒரு நிமிஷம் முழுசா எண்ணிப் பாத்துட்டு எனக்குப் போன் பண்ணணும். ரொம்ப வேகமா ஓடினாலும் சொல்லணும், மந்தமா இருந்தாலும் சொல்லணும். நடுவுல ஒரு துடிப்பு விட்டுப் போச்சுனாலும் சொல்லணும். சரிங்களா?

— எதைப் பாத்து எண்ணறது? இந்த வீட்ல ஓடற கடிகாரம் ஒண்ணு கூட கெடயாதே.

— நானே கேக்கணும்னு இருந்தேன். சுவரு பூரா கடிகாரமா இருக்கு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மணி காட்டுது. எல்லாமே ரிப்பேரா?

— வாட்ச் கடைக்காரர் வீட்ல ரிப்பேரா? நல்லா கேட்டே போ. கடையை மூடினப்போ அங்க இருந்ததெல்லாம் தூக்கிட்டு வந்து இங்க மாட்டினாரு. காலையில எழுந்ததும் ஒவ்வொண்ணுக்கா சாவி குடுத்துட்டு அப்புறம்தான் பல்லே தேய்ப்பாரு. எல்லாம் ஒரே மூச்சுல மணி அடிக்கணும். ஒண்ணு பின்தங்கினா அன்னிக்கு வீடு ரெண்டுபடும். கடிகாரத்துக்கு ஒரு திட்டு, டீ லேட்டா போட்டதுக்கு எனக்கு ஒரு திட்டு.

— இப்போ சாவி குடுக்க ஆள் இல்லையா?

— ஆள் நான் இருக்கேனே, குத்துக்கல்லு மாதிரி. நான்தான் குடுக்கல. வாயும் விழுந்து, கைகாலும் விழுந்து ஆஸ்பத்திரியில இருந்து இவரைத் தூக்கிட்டு வந்து போட்டாங்க பாரு, அன்னிக்கே ஸ்டூல் போட்டு ஏறி ஒவ்வொண்ணா நிறுத்தினேன். படுத்தபடியே பாத்துட்டு இருந்தாரு. ஆயுசு பூரா டிக் டிக்னு கேட்ட காது. இப்போ அதுக்குக் கேக்கறது என் குரல் ஒண்ணுதான். என்னங்க, நான் சொல்றது சரிதானே?

— கைய விடுங்கம்மா. நான் பாக்கறேன். நாளைக்கு மட்டும் என் வாட்சை வெச்சுட்டுப் போறேன். இதுல நொடி முள்ளு இருக்கு.

— சாவி குடுக்கற வாட்சா? இந்தக் காலத்துல யாரு இதைக் கட்டறா?

— எங்கம்மாவோடது. எத்தனை தடவை கீழ விழுந்தாலும் நிக்காது. இப்போ கொஞ்ச நேரம் பேசாம இருங்க.

— நான் என்ன பேசிட்டேன்?

— பேசாம இருங்கன்னு சொன்னேன்... சரி. நல்லாருக்கு. நெதானமா ஓடுது.

— நான் வாயை மூடினதாலயா?

— அதைப் பத்தித்தான் உங்ககிட்ட பேசணும். டாக்டர் மறுபடியும் மாத்திரைய கூட்டியிருக்காரு. காலையில மட்டும் நாடி ஏன் இந்த ஓட்டம் ஓடுதுன்னு அவருக்குப் பிடிபடல. எனக்குப் பிடிபட்டுடுச்சு. நேத்து நான் எண்ணிட்டிருக்கும்போது நீங்க என்ன சொன்னீங்க?

— துணி காயப் போடணும்னு சொன்னேன்.

— அதுக்கு முன்னாடி.

— இவரோட சாய்வு நாற்காலிய பழைய சாமான்காரனுக்குத் தூக்கிக் குடுத்துட்டேன்னு சொன்னேன்.

— அந்த நிமிஷமே கிடுகிடுன்னு ஏறிச்சு. அதுக்கு முந்தின நாள் ரேடியோவைப் போட்டு உடைச்சுட்டேன்னீங்க. அதுக்கு முன்னாடி அவர் வளர்த்த ரோஜாச் செடிய வேரோட பிடுங்கிட்டேன்னீங்க. வேணும்னேதான் பண்றீங்களாம்மா?

— நாற்காலி மாடியில பத்திரமா இருக்கு. ரேடியோ அலமாரியில இருக்கு. செடி பூத்துக் குலுங்குது, போகும்போது ஒரு பூ பறிச்சுட்டுப் போ.

— அப்போ எல்லாம் பொய்யா?

— எல்லாம் பொய்தான். இந்த மனுஷன் எனக்குச் சொன்னதுல ஒரு கைப்பிடி. அவ்ளோதான் திருப்பிக் குடுத்திருக்கேன்.

— இவ்ளோ நல்லா பாத்துக்கறீங்க. முதுகுல ஒரு புண்ணு கிடையாது. நகம் கூட வெட்டி விட்டிருக்கீங்க. மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கறீங்க. அப்படிப் பாத்துக்கறவங்க ஏம்மா இப்படிப் பேசணும்?

— பாத்துக்கலன்னா செத்துடுவாரே.

— அதான் கேக்கறேன்...

— எங்கிட்ட ஒரு பதில் சொல்லாம சாகக் கூடாது. அதுக்குத்தான் சோறு ஊட்டறேன், சொல்லு பாப்போம், வேற எதுக்கு? இதுக்கெல்லாம் நீதான் காரணம்.

— நானா? நான் என்ன பண்ணினேன்?

— வந்த புதுசுல இவர் கைய பிடிச்சுக்கிட்டு, "அம்மா, ஐயாவுக்கு எல்லாம் புரியுது, நீங்க பேசினா நாடி மாறுது பாருங்க"ன்னு சந்தோஷமா சொன்னே. ஞாபகம் இருக்கா? அன்னிக்குத்தான் எனக்கு உயிரே வந்துச்சு. கல்யாணம் ஆன நாள்லேருந்து இவர் முகத்துல நான் எதையும் பாத்ததில்ல. கோபம் வந்தாலும் அதே முகம், பொய் சொன்னாலும் அதே முகம். மூடி போட்ட வாட்ச் மாதிரி. அதான் பாரு, இப்போ பின்பக்கத்து மூடி கழண்டு விழுந்துடுச்சு. உள்ள ஓடறது தெரியுது.

— இது சரியில்லம்மா. டாக்டர் தெளிவா சொல்லிட்டாரு. சின்னச் சின்ன ஏத்தத்தையே இந்த இதயம் கஷ்டப்பட்டுத் தாங்குது. பெருசா ஒரு அதிர்ச்சி வந்தா அதோட சரி.

— கேட்டேன். உன் பக்கத்துலதானே நின்னேன்.

— எங்களை வீடு வீடா அனுப்பற ஆபீஸ்ல நான் சொன்னா இவரை உங்ககிட்டேருந்து பிரிச்சுக் கொண்டு போயிடுவாங்க.

— சொல்லேன். ஆனா நீ சொல்ல மாட்டே.

— ஏன் மாட்டேன்?

— இவ்ளோ நாளா தெரிஞ்சும் சொல்லலையே. உனக்கு முன்னாடி வந்தவளுங்க எல்லாம் என் வாய்க்குப் பயந்து வேற வீடு மாத்தி வாங்கிட்டுப் போனாளுங்க. நீ ஒருத்திதான் இந்த வீடு வேணும்னு கேட்டு வாங்கினியாம். உங்க ஆபீஸ்ல போன் எடுக்கற பொண்ணு சொன்னா.

— பக்கம்னு கேட்டேன்.

— ரெண்டு பஸ் மாறி வேர்த்து விறுவிறுத்து வர்றவளுக்கு இது பக்கமா?

— பேச்சை மாத்தாதீங்க. எந்தப் பதிலுக்காக இவரை இப்படி வதைக்கறீங்க? அதைச் சொல்லுங்க.

— அவர் தலகாணிக்கு அடியில கைய விடு.

— எதுக்கு?

— விடேன். பாம்பா இருக்கு?

— ...வாட்ச். பொம்பளைங்க கட்டற வாட்ச்.

— தங்கம்.

— இதை எதுக்கு இவர் தலைக்கு அடியில வெச்சிருக்கீங்க?

— தலைய திருப்ப முடியாது, கைய விட்டு எடுக்க முடியாது. ஆனா அங்கதான் இருக்குன்னு தெரியும். நான்தான் கண்ணு முன்னாடி காட்டிட்டு வெச்சேன்ல. இவர் தூங்கற லட்சணம் அதுலேருந்து மாறிடுச்சு.

— யாரோட வாட்ச்?

— ஒரு வக்கீல் வீட்டு அம்மா கடையில ரிப்பேருக்குக் குடுத்தது. எல்லாத்தையும் சொல்றேன், உக்காரு. எனக்கு ஒரு தங்கச்சி. குட்டின்னு கூப்பிடுவேன். எங்கம்மா அப்பா போனதும் என்னோடயே வந்துட்டா. சும்மா இருக்க மாட்டா, இவர் கடைக்குப் போய் வாட்சுக்கு வார் மாத்தறது, கண்ணாடி மாத்தறதுன்னு ஆரம்பிச்சா. கொஞ்ச நாள்ல உள்ள திறந்து வேலை பாக்கற அளவுக்கு வந்துட்டா. மயிரிழை மாதிரி இருக்குமே சுருள், அதை மூச்சை அடக்கிட்டு எடுத்து வெப்பா. அவ்ளோ கண்ணு, அவ்ளோ கை. எனக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணி ஆஸ்பத்திரியில கெடந்தேன். தெனமும் சாயங்காலம் வந்து எனக்குத் தலை வாரி விடுவா. ஒரு நாள் வரல. மறுநாளும் வரல. இவர் வந்தாரு. "உன் தங்கச்சி வக்கீல் வீட்டுத் தங்க வாட்சைத் தூக்கிட்டு எவனோடயோ ஓடிட்டா"ன்னாரு. அதே முகம்.

— நீங்க நம்பிட்டீங்க.

— நம்பினேன்.

— தேடக்கூட இல்ல.

— என்னம்மா, போலீஸ்காரன் கணக்கா கேக்கறே?

— இல்ல... சும்மாதான். மேல சொல்லுங்க.

— தேடல. வெக்கமா இருந்துச்சு. திருடியோட அக்கான்னு தெருவே பேசிச்சு. அப்படிப்பட்ட குடும்பத்துல பொண்ணு எடுத்தும் இவர் பெருந்தன்மையா என்னை வெச்சுக் காப்பாத்தறாருன்னு பேசிச்சு. நானும் அப்படித்தான் நெனச்சேன். குழம்புல உப்பு கூடினா கூட "உங்க ரத்தம் அப்படி"ம்பாரு. தலைய குனிஞ்சுட்டு உப்பில்லாத குழம்பு வைப்பேன். இப்படியே கிழவி ஆயிட்டேன். அப்புறம் இவர் விழுந்தாரு. ஆஸ்பத்திரிக்கு மாத்துச் சட்டை வேணும். இவர் அலமாரி டிராயருக்குச் சாவி எங்கன்னு கேட்டா சொல்ல வாய் இல்ல. சுத்தியலை எடுத்து உடைச்சேன். சவரப் பெட்டிக்கு அடியில, பஞ்சுல சுத்தி, குழந்தையாட்டம் படுத்திருக்கு இந்த வாட்ச். குட்டி திருடல. அது அப்பவே புரிஞ்சு போச்சு. ஆனா எதுக்காக? யாருமில்லாத பொண்ணை எதுக்காக இப்படி ஒரு பேரைக் கட்டித் துரத்தணும்? அவ எங்க போனா? இருக்காளா, இல்லையா? எல்லாம் இந்த மண்டைக்குள்ள இருக்கு. வாய் திறக்காது. நல்லா இருந்தாலும் திறந்திருக்காது, அது வேற விஷயம். அதான் பாரு, கைய பிடிச்சுக் கேக்கலாம்னு இருந்தேன். தனியா எனக்குப் பிடிக்கத் தெரியல. நாற்காலி, ரேடியோன்னு சும்மா சொல்லிச் சொல்லிப் பாத்தேன், உன் விரலுக்குக் கீழ மாறுதான்னு. மாறுதுன்னு இப்போ நீயே சொல்லிட்டே.

— அப்போ அதெல்லாம் சோதனையா?

— சோதனையும்தான். வதைச்சதும்தான். நான் ஒண்ணும் மகாத்மா இல்ல. இப்போ உண்மையான கேள்விய கேக்கப் போறேன். நீ கைய பிடி.

— நான் அதுக்கு வரலம்மா.

— தெரியும். மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிடு. நான் தப்பா நெனச்சுக்க மாட்டேன்.

— ...

— போகலையே.

— கேளுங்க.

— நெஜமாவா?

— கேளுங்கன்னு சொல்றேன்ல. பிடிச்சுக்கிட்டேன். ஏறினா ஏறுதுன்னு சொல்றேன், இல்லன்னா மாறலன்னு சொல்றேன். ஆமா, இல்லன்னு பதில் வர்ற மாதிரி கேளுங்க. சுத்தி வளைக்காதீங்க.

— என்னங்க. கேக்குதில்ல? நர்சம்மா உங்க கைய பிடிச்சிருக்கா. இனிமே நீங்க வாயைத் திறக்க வேண்டாம். குட்டி இந்த வாட்சைத் திருடினாளா?

— மாறல.

— எவனோடயாவது ஓடிப் போனாளா?

— மாறல.

— நீங்கதான் துரத்தினீங்களா?

— ஏறுது.

— ஏறுதா? சரியா பாத்தியா?

— ஏறுதும்மா. அடுத்தது.

— அவகிட்ட... சீ, கேக்கவே வாய் கூசுது. அவகிட்ட தப்பா நடந்துக்கப் பாத்தீங்களா?

— மாறல.

— அப்பாடா. அப்போ வேற என்ன? கடையில ஏதாவது நடந்துச்சா?

— ஏறுது.

— கடையிலயா? ரிப்பேருக்கு வந்ததை உடைச்சுத் தொலைச்சாளா?

— மாறல.

— கடையில வேற என்ன நடக்கும்? சொல்லு பாப்போம், ஒரு சின்னப் பொண்ணு அந்த மேஜையில உக்காந்து என்ன தப்பு பண்ணியிருக்க முடியும்?

— அவங்க பண்ணினதைக் கேக்காதீங்க. இவர் பண்ணினதைக் கேளுங்க. இவர் பண்ணினது எதையாவது அவங்க பாத்துட்டாங்களான்னு கேளுங்க.

— என்னங்க, உங்க வேலை எதையாவது குட்டி பாத்துட்டாளா?

— ஏறுது. கடகடன்னு ஏறுது.

— அடப்பாவி மனுஷா... அதுக்கப்புறம் அவ உங்க கண்ணுல பட்டாளா? எங்கயாவது? எப்பவாவது?

— ஏறுது.

— எங்க? இங்கயா? இந்த வீட்டு வாசலுக்கா வந்தா?

— ஏறுது.

— நான் இருந்தப்போவா? நான் உள்ள இருந்தேனா?

— ஏறுது! எலும்பை முட்டிட்டு ஏறுது! கேளுங்க, ஏன் நிறுத்திட்டீங்க? தனியா வந்தாங்களான்னு கேளுங்க! கையில என்ன இருந்துச்சுன்னு கேளுங்க!

— நர்சம்மா.

— கேளுங்கம்மா!

— உன் கையப் பாரு.

— என் கைக்கு என்ன?

— நீ பிடிச்ச பிடியில அவர் தோல் வெளுத்துக் கிடக்கு. மூணு விரலும் அந்தப் பக்கம் சும்மா வளைஞ்சு நிக்குது. நாடி மேல நீ வெச்சு அழுத்திட்டிருக்கறது கட்டை விரலை. எனக்கு இப்பத்தானே பாடம் எடுத்தே? கட்டை விரலை வெச்சா யாரோட நாடிய எண்ணுவோம்னு சொன்னே?

— தப்பா பிடிச்சுட்டேன். ஏதோ ஞாபகத்துல...

— தெனமும் பத்து வீட்ல கைய பிடிக்கறவ. தூக்கத்துல கூட உனக்கு இந்தத் தப்பு வராது. இவ்ளோ நேரம் ஏறுது ஏறுதுன்னியே, ஏறினது யாரோடது? குட்டி என் வாசலுக்கு வந்தாளான்னு கேட்டதும் யாரோட நெஞ்சு அப்படி அடிச்சுது?

— என்னோடது.

— ஷ்... இங்க வேண்டாம். எழுந்திரு. சமையல்கட்டுக்கு வா. இவருக்கு எதுவும் ஓசியில கேக்கக் கூடாது. பாதி கேட்டாச்சு, மீதிய நெனச்சு நெனச்சுக் கெடக்கட்டும்... வா. கதவைச் சாத்து. குழாயைத் திறந்து விடு, தண்ணி சத்தத்துல கேக்காது. இப்போ சொல்லு. யாரு நீ?

— எங்கம்மாவ குட்டின்னு கூப்பிட்டது உலகத்துலயே ஒரு ஆள்தான்.

— குட்டி பொண்ணா நீ?

— ஆமா.

— இங்க வா, வெளிச்சத்துல உன் முகத்தை...

— தொடாதீங்க.

— தொடல. தொடல. அவ எங்க? அவ எங்கம்மா?

— இல்ல. போன மழைக்காலத்துல போயிட்டாங்க. தெருவோரத்துல ஒரு கண்ணாடிப் பெட்டிய வெச்சுக்கிட்டு, வெயில்லயும் தூசியிலயும் வாட்ச் ரிப்பேர் பண்ணித்தான் என்னை நர்சுக்குப் படிக்க வெச்சாங்க. அழாதீங்க. நீங்க அழறதைப் பாக்கணும்னுதான் வந்தேன், ஆனா இப்போ பாக்கப் பிடிக்கல. கேட்டீங்களே எதுக்காகத் துரத்தினாருன்னு, சொல்றேன். கடைக்கு நல்ல வாட்ச் வந்தா உங்க வீட்டுக்காரர் உள்ள இருக்கற மிஷினைக் கழட்டி எடுத்துட்டு மட்டமானதை மாட்டிக் குடுப்பாரு. வெளியில அதே மூடி, யாருக்குத் தெரியும்? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சுது. "அக்கா ஆஸ்பத்திரியில இருந்து வரட்டும், சொல்றேன்"னு இவர்கிட்டயே சொல்லியிருக்காங்க. பைத்தியம். மறுநாள் கடை வாசல்ல, அந்த வக்கீல் வீட்டம்மாவ பக்கத்துல நிக்க வெச்சுக்கிட்டு, பையைக் கொட்டிக் காட்டுடின்னு சொன்னாராம்.

— கொட்டினாளா?

— கொட்டினாங்க. மாத்துத் துணியும் உங்க போட்டோவும் விழுந்துச்சு. வாட்ச் விழல. விழலன்னா வித்துட்டான்னு சொல்லிட்டாரு.

— என் போட்டோவா?

— அதைத்தான் ஆயுசு பூரா வெச்சிருந்தாங்க. எனக்குப் பிடிக்காது. கிழிச்சுப் போடும்மான்னு சண்டை போடுவேன். வாசலுக்கு வந்ததும் நெஜம்தான். அதுக்கப்புறம் அவங்களுக்குக் கல்யாணம் ஆச்சு, நான் கைக்குழந்தை. அக்காகிட்ட காட்டணும்னு மழையில என்னைத் தூக்கிட்டு வந்தாங்க. பெல் அடிச்சாங்க. இவர்தான் கதவைத் திறந்தாரு. அப்போ உள்ளேருந்து உங்க குரல் கேட்டுச்சாம். "யாருங்க அது?"ன்னு கேட்டீங்களாம்.

— நான்... கேட்டேனா?

— இவர் எங்கம்மா முகத்தைப் பாத்துக்கிட்டே உங்களுக்குப் பதில் சொன்னாராம்.

— "ஒண்ணுமில்ல, ரிப்பேரு. நாளைக்குக் கடைக்கு வரச் சொல்லிட்டேன்."

— உங்களுக்கு ஞாபகம் இருக்கா?

— ஒரு குழந்தை அழுதுச்சு. எனக்குக் கேட்டுச்சு. இந்த மழையில குழந்தையத் தூக்கிட்டு யாரு ரிப்பேருக்கு வர்றான்னு நெனச்சேன். நெனச்சதோட சரி. எழுந்து போய்ப் பாக்கல. இந்த அடுப்புலதான், இதே அடுப்புல, பால் பொங்கற நேரம்.

— பாலா?

— பால்தான்.

— "அக்கா ரெண்டடி எடுத்து வெச்சிருந்தா என்னைப் பாத்திருப்பா"ன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க. பால் பொங்கிச்சுன்னு அவங்களுக்கு நான் எப்படிப் பதில் சொல்றது? அதான் இந்த வீட்டைக் கேட்டு வாங்கினேன். இவர் சாகறதைப் பக்கத்துல இருந்து பாக்கணும்னு வந்தேன். தெனமும் அந்தக் கைய தொடும்போது இன்னிக்கு நின்னு போகணும், இன்னிக்கு நின்னு போகணும்னு நெனச்சுக்கிட்டேதான் எண்ணுவேன். ஆனா சரியா எண்ணுவேன். ஒரு மாத்திரை மாத்திக் குடுத்ததில்ல. அடுத்தவங்க பொருளை உன்னை நம்பித் திறந்து குடுத்தா உள்ள கைவரிசை காட்டாதேன்னு எங்கம்மா சொல்லி வளர்த்துட்டாங்க. அது ஒண்ணு கழுத்தைப் பிடிச்சுக்குது. இல்லன்னா எப்பவோ முடிச்சிருப்பேன்.

— என்னையும் வெறுக்கறியா?

— வெறுக்கறேன்.

— வெறு. அது உன் சொத்து, நான் கேட்டு வாங்க மாட்டேன். நாம ரெண்டு பேரும் இதே அடுப்படியில உக்காருவோம், நீ வாய் வலிக்கத் திட்டு, நான் கேட்டுக்கறேன். அதுக்கு ஆயுசு இருக்கு. முதல்ல அந்த மனுஷன். எனக்கு ஒண்ணு சொல்லு. நான் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னது உன் விரல். அவர் கை என்ன சொல்லிச்சு?

— தெரியாது. அவர் நாடிய நான் பாக்கவேயில்ல.

— அப்போ அவர் இன்னும் பதில் சொல்லல.

— இல்ல.

— நீ யாருன்னும் அவருக்கு இன்னும் தெரியாது.

— தெரியாது.

— குழாயை மூடு. முகத்தைக் கழுவு. வா.

— என்ன பண்ணப் போறீங்க?

— இப்போ கத்துக் குடுத்தியே, அதைப் பண்ணப் போறேன்.

— டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? பெருசா ஒண்ணு வந்தா தாங்காது.

— அதை மறப்பேனா? உன் பக்கத்துலதானே நின்னேன்.

— நான் நர்சும்மா. என்னால...

— ஊசி போடச் சொன்னேனா? மாத்திரைய மாத்தச் சொன்னேனா? சொந்தக்காரரைப் பாத்து நான் இன்னார் மகள்னு சொல்றது எந்த ஊர்ல குத்தம்? உங்கம்மா வாசல்ல சொல்ல வந்ததும் அதைத்தானே? அன்னிக்கு விடல. இன்னிக்கு நான் வழி விடறேன். வேண்டாம்னா பையைத் தூக்கிட்டுக் கிளம்பு. கதவு திறந்துதான் இருக்கு.

— ...எந்தப் பக்கம் நிக்கணும்?

— வலது பக்கம். அந்தக் காதுதான் இவருக்குத் தீட்டின காது.

— வாட்ச் வேணுமா?

— தலகாணிக்கு அடியில இருந்தது வேண்டாம். உன் கையில இருக்கறதைக் குடு. குட்டி ஓட வெச்சதுதானே, நிக்காது.

— இந்தாங்க. பள்ளம் தெரியுதா?

— தெரியுது. தட்டுது. நெதானமாத்தான் இருக்காரு, எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு. என்னங்க, கண்ணைத் திறங்க. அன்னிக்கு மழையில பெல் அடிச்சுது, யாருங்க அதுன்னு உங்களைக் கேட்டேன். ரிப்பேருன்னு சொன்னீங்க. அந்த ரிப்பேரு இப்போ உள்ள வந்து நிக்குது. இந்தத் தடவை உங்களைக் கேக்க மாட்டேன்.

— பெரியம்மா...

— யாரும்மா அது? குனிஞ்சு, பெரியப்பா காதுல நல்லா விழற மாதிரி சொல்லு. மூணு விரலும் வெச்சுட்டேன், நான் எண்ணறேன்.